வலது கைக்கு ஓர் எண்

1

இரவு பெய்த மழை விடிவதற்குள் உறைந்துபோய், வீட்டின் முன்பாதை முழுவதும் கண்ணாடி பூசியதுபோல் கிடக்கிறது. தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் பள்ளிகள் மூடப்பட்ட ஊர்களின் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. டெக்சஸில் நாங்கள் வசிக்கும் காப்பெல் என்னும் ஊரின் பெயரும் அதில் ஓடிற்று. நான் சாளரத்தின் அருகே நின்று அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு இதே பருவத்தில், இதே போன்றதொரு காலையில், நான் அங்கேதான் விழுந்தேன்.

இந்நாட்டில் தபால்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. தெருவோரத்தில் ஒரு கம்பத்தின் மேல் பெட்டி இருக்கும்; அதில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அன்று வெளியே கால் வைக்க வேண்டாம் என்று என் மருமகள் சுமதி சொல்லித்தான் இருந்தாள். ஆனால் ஊரிலிருந்து கடிதம் வந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. முப்பத்தோராண்டுகள் ஓடும் பேருந்தில் பிடிமானமின்றி நின்றே பிழைத்தவன், வீட்டு வாசலில் விழுந்துவிடுவேனா என்று எண்ணினேன். விழும்போது வலது கையை ஊன்றினேன். பெட்டியில் விளம்பரத் தாள்கள் மட்டுமே இருந்தன என்று பிறகு சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற நம் நடத்துநர் நண்பர்கள் கடிதத்துக்குக் கடிதம், "கை தேறிவிட்டதா?" என்று கேட்கிறார்கள். "தேறி வருகிறது" என்றே இதுவரை எல்லோருக்கும் எழுதிவந்தேன். ஒருமுறையேனும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது என்று இன்று தோன்றுகிறது. பேனாவின் மேல் தடித்த ரப்பர்க் குழாய் மாட்டிப் பிடித்து எழுதுகிறேன். நாளுக்கு அரைப்பக்கத்துக்கு மேல் கை ஒப்புவதில்லை. ஆதலால் இது முடியச் சில நாட்கள் ஆகும். நடையில் மேடுபள்ளம் தென்பட்டால் பொறுத்தருள வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பேருந்து நிலையங்களில் வண்டி புறப்படும் வரை படித்த நாளிதழ்களே எனக்கு ஆசிரியர்கள்.

2

எலும்பு ஆறு வாரங்களில் கூடிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் துன்பம் தொடங்கியது.

கை வீங்கிப் பளபளத்தது. ஒரு வேளை சிவப்பாகவும் ஒரு வேளை நீலமாகவும் நிறம் மாறிற்று. சட்டைக் கையின் ஓரம் பட்டால் பழுக்கக் காய்ச்சிய கம்பி பட்டதுபோல் இருக்கும். மின்விசிறிக் காற்றுகூட அதன்மேல் வீசக்கூடாது. குளிக்கும்போது அந்தக் கையை மட்டும் குளியலறைத் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பேன். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் குறை ஏதுமில்லை என்றார். விபத்து முடிந்துவிட்டது என்பது நரம்புகளுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லையாம். நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்க, அவை இன்னும் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம். மருத்துவர் சொன்னவற்றுள் எனக்கு முழுமையாக விளங்கியது இது ஒன்றுதான்.

வலியைக் காட்டிலும் என்னை வருத்தியது உணவு. இடக்கையால் கரண்டி பிடித்து உண்ணவேண்டியதாயிற்று. பிறர் எதிரில் இடக்கையை வாய்க்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. வீட்டார் வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் திரும்புமுன்பே, மாலை ஐந்து மணிக்கு, தனியாக உண்டு பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுவேன். "மாமா, எங்களோட உக்காந்து சாப்பிடுங்களேன்" என்று சுமதி பலமுறை அழைத்தாள். பசி முந்திக்கொண்டது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

வீட்டில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். மனைவி மறைந்த மறு ஆண்டு மகன் செந்தில் என்னை இங்கு அழைத்துக்கொண்டான். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கணிப்பொறிகள் தடுமாறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பணி அவனுக்கு. அதன்பொருட்டுத் திங்கட்கிழமை விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் திரும்புவான். ஆண்டு பிறந்து கணிப்பொறிகள் யாவும் நலமாக இருக்கின்றன. அவன் இன்னும் திங்கட்கிழமை விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறான். சுமதி கோபிச்செட்டிபாளையத்துப் பெண். ஒரு வங்கியின் கணிப்பொறிப் பிரிவில் வேலை. பேத்தி நித்யாவுக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரியும். மறுமொழி ஆங்கிலத்தில் வரும். காலை எட்டு முதல் மாலை வரை வீட்டில் நானும் குளிர்பதனப் பெட்டியின் இரைச்சலும் மட்டுமே.

3

நரம்புக்கு மருந்து பாதி, பயிற்சி பாதி என்று சொல்லி, ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். இங்கு எல்லோரும் அதைத் தெரபி என்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை. சுமதி அலுவலகம் போகும் வழியில் என்னை அங்கே அழைத்துச்செல்வாள். பயிற்சி முடியும் வரை காத்திருந்து, வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள்.

அங்கே என்னை யாரும் என் பெயரால் அழைத்ததில்லை. படிவத்தில் கடைசிப் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. செந்தில் அதில் என் தகப்பனார் பெயரை எழுதிவிட்டான். "மிஸ்டர் நாஞ்சாப்பன்!" என்று கதவருகே நின்று கூப்பிடுவார்கள். நஞ்சப்பன் காலமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஈரோட்டைத் தாண்டாத மனிதர் அவர். அவரை டெக்சஸில் வாரம் மூன்று முறை அழைக்கிறார்கள். அவருக்காக நான் எழுந்து போகிறேன்.

பயிற்சி கொடுப்பவள் லிண்டா என்னும் நெட்டையான பெண்மணி. அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. பஞ்சு, பட்டுத் துண்டு, துவாலை, தரைவிரிப்பின் துணுக்கு என்று மென்மையிலிருந்து முரடு வரை அதில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக என் கையின்மேல் தேய்ப்பாள். தீண்டுவதெல்லாம் தீங்கு என்று நம்பிவிட்ட நரம்புக்கு, தீண்டல் வேறு, தீங்கு வேறு என்று மறுபடியும் பழக்கவேண்டுமாம். ஒரு வாளி நிறைய அரிசி இருந்தது. அதற்குள் கையைப் புதைக்கச் சொன்னாள். ஊரில் என் மனைவி படியளக்கும்போது அரிசிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள்; அந்தச் சலசலப்பு இங்கே என் காதில் அப்படியே கேட்டது. அடுத்த நொடி கை தீப்பற்றியதுபோல் எரிந்தது.

தொடங்குமுன் ஒரு கேள்வி உண்டு. வலியே இல்லாதது சுழியம், பொறுக்கவே முடியாதது பத்து. இன்று எத்தனை?

முதல் நாள் எனக்கு ஒன்பது. நான் சுமதியிடம் சொன்னேன்: "நாலுன்னு சொல்லு கண்ணு."

"மாமா, நெசமாலுமே நாலா?"

"சொல்லேன்."

நம் பக்கத்தில் நலமா என்று கேட்டால் நலம் என்பதுதான் மறுமொழி. காய்ச்சலோடு வண்டி ஏறிய நாட்களிலும் ஓட்டுநர் கேட்டால், "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நம்மேல் அக்கறை கொண்டு ஒருவர் கேட்கும்போது, அவர் மனம் சங்கடப்படும்படி பதில் சொல்வது எங்ஙனம்? லிண்டா துவாலையை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"வாய் நாலுங்குதாம், நெத்தி ஒம்பதுங்குதாம். இங்க நெத்தி சொல்றதைத்தான் எழுதுவாங்களாம் மாமா."

நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அன்றுமுதல் உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகினேன். வண்டியில் எத்தனை தலை என்று அதிகாரி கேட்டால் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவன் நான். என் கையைப் பற்றி மட்டும் ஏன் தவறான கணக்குக் கொடுக்கவேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பள்ளியிலிருந்து திரும்பியதும் நித்யா அன்றைய எண்ணைக் கேட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் வண்ணப் பென்சிலால் எழுதுவாள். ஒன்பது, ஒன்பது, எட்டு, எட்டு, ஏழு. கோடை பிறந்தபோது ஆறு வந்தது. செய்தித்தாளை வலக்கையால் பிடிக்க முடிந்தது.

4

வலியின் எண்ணை ஆறுக்குக் கொண்டுவந்தவை, வீட்டில் செய்யும்படி லிண்டா கொடுத்த இரண்டு பயிற்சிகள். முதலாவது, முழந்தாளிட்டு, வலக்கையில் மரக்கைப்பிடி போட்ட தூரிகையைப் பிடித்து, உடலின் பாரத்தை அதன்மேல் இறக்கி, முன்னும் பின்னுமாகத் தேய்ப்பது. இரண்டாவது, பாரமுள்ள பையொன்றை அதே கையில் தூக்கிக்கொண்டு நடப்பது. நரம்புக்கு வேலை கொடுத்தால்தான் அதற்குப் புத்தி தெளியும் என்றாள்.

தேய்ப்பதற்கு ஒரு பலகை போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். இங்கேதான் நான் தவறு செய்தேன். வெறும் பலகையை, ஒரு பயனும் இல்லாமல், பத்து நிமிடம் தேய்ப்பது எனக்கு இயலவில்லை. கை அசைந்தால் ஒரு வேலை நடக்கவேண்டும் என்று பழகிய உடம்பு இது. ஆகவே பலகையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து, சமையலறைத் தரையைத் தேய்க்கலானேன். பைக்குள் மணல் போடச் சொன்னாள். நான் கடைக்குப் போய் அரிசியும் பாலும் வாங்கி அதில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஒரு நாள் காலை, வாங்கிப்போன மாவரைக்கும் கிரைண்டரைத் திருப்பித்தர விமலா வந்தார். அடுத்த தெருவில் வசிக்கும் சென்னைப் பெண்மணி. சமையலறையின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தவர், தட்டாமலே திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"ஐயையோ அங்கிள்! என்ன இது? முதல்ல எழுந்திருங்க!"

"வாங்க அம்மணி. ஒண்ணுமில்லீங்க, இது தெரபி."

அவர் வாளியைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார். "சோப்பு போட்டு ஒரு தெரபியா?"

"கைக்குப் பாரம் குடுக்கோணுமாம். அந்த டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"நீங்க விட்டுக்கொடுக்க மாட்டீங்க அங்கிள், எனக்குத் தெரியும். எங்க மாமனாரும் இப்படித்தான், வாயே திறக்க மாட்டார். சுமதி ஆபீஸ் போயிட்டாளா?"

"போயிட்டாளுங்க."

"ம்ம். முடிச்சுட்டு டிவி பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பா."

"அப்படியெல்லாம் இல்லீங்க அம்மணி. அவ தங்கமான புள்ளை."

அந்தச் சொல்தான் வினையாயிற்று. நான் மருமகளைப் புகழப் புகழ, விமலாவின் கண்களில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. அடுத்த வாரம், வெயிலில் பையைத் தூக்கி நடந்துவந்த என் அருகே அவருடைய கணவர் காரை நிறுத்தினார்.

"அங்கிள், ஏறிக்குங்க. ட்ராப் பண்ணிடறேன்."

"வேண்டாமுங்க. நடந்தே போகோணும்னு சொல்லியிருக்காங்க."

"யாரு, வீட்லயா?" என்று அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

5

மாதம் ஒருமுறை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவார்கள். ஆண்கள் கூடத்தில் அமர்ந்து விசா, பங்குச் சந்தை, புது வீடு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. ஓரத்து நாற்காலியில் அமர்ந்து சமையலறைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது சற்றேனும் நம் ஊர்ப் பேச்சுப் போல இருக்கும்.

"சுமதி, உன் கிச்சன் ஃப்ளோர் மட்டும் எப்படிடி இப்படி மின்னுது?" விமலாவின் குரல். "எனக்கும் அதே மாதிரி ஒரு மாமனாரைப் பார்த்து அனுப்பேன்."

சிரிப்பு. வேறொரு பெண், "கிரீன் கார்டு சும்மாவா கிடைக்கும்?" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

"அது அவங்க கைக்கான எக்ஸர்சைஸ்க்கா" என்றாள் சுமதி.

"எக்ஸர்சைஸ்தான்ப்பா. யாரு இல்லேன்னா?"

பத்து நாட்களுக்குள் அந்தப் பேச்சுக் கடல் கடந்துவிட்டது. கோபியிலிருந்து அவள் தாயார் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. சுமதி, "ஏம்மா, நீ கூடவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணி உலர்த்தும் பொறி வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே துணி எதுவும் இல்லை.

அவள் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. இதை நண்பர்கள் கவனிக்கவேண்டும். "நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க மாமா, அவங்க பேசறது நமக்கென்ன" என்றுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் தூரிகையை எடுத்தபோது, அவள் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவின் திரையை இழுத்து மூடினாள். செய்வதை அவளே உணர்ந்தாளோ என்னவோ. அரையிருட்டில் நான் தரையைத் தேய்த்தேன். செய்யாத குற்றத்துக்கு அந்தப் பெண் தன் வீட்டிலேயே ஒளிகிறாள். அவளை ஒளியவைத்தது என் கை.

திங்கட்கிழமை சிகிச்சை நிலையத்தின் வாசலிலேயே நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டேன். லிண்டா எத்தனை என்றாள். "டூ" என்றேன். சுமதியின் உதவியின்றி நானே சொன்ன ஆங்கிலம். லிண்டா வியந்து என்னையே பார்த்தாள். தரைவிரிப்புத் துணுக்கை நானே எடுத்துக் கையின்மேல் தேய்த்துக் காட்டினேன், புன்னகையும் செய்தேன். இனிப் பயிற்சி தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது என்பதைச் சுமதியைக் கொண்டு சொல்லச் செய்தேன். நோயாளியே நலம் என்றால் அதற்கு மேல் அவள் என்ன செய்வாள்? இலக்கை எட்டியாயிற்று என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினாள்.

அன்றிரவு சுமதி கேசரி கிளறினாள். நித்யா தாளில் சிவப்புப் பென்சிலால் பெரிதாக இரண்டு என்று எழுதி, அதைச் சுற்றி நட்சத்திரங்கள் வரைந்தாள். தூரிகையை நான் கார் நிறுத்தும் அறையின் மேல்தட்டில் வைத்தேன். சமையலறைத் திரை திறந்தது.

6

இரண்டு மாதங்களில் விரல்கள் மடங்க மறுத்தன. செய்தித்தாள் மறுபடி இடக்கைக்குப் போயிற்று. ஐந்து மணிச் சாப்பாடு நான்கரைக்கு நகர்ந்தது. யாருக்கும் தெரியாமல் இருக்க அதிகம் முயலவேண்டியிருக்கவில்லை. பகல் முழுவதும் பார்ப்பதற்கு அங்கு யாரும் இல்லை.

பள்ளி திறந்ததும் நித்யாவைத் தெருமுனையில் பேருந்து ஏற்றிவிடும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் விரும்பிக் கேட்டு வாங்கிய பொறுப்பு. ஒரு காலை, தெருவைக் கடக்கும்போது ஒரு வீட்டுக் கார் பின்னோக்கி வந்தது. குழந்தை அஞ்சி என் கையைப் பற்றினாள். வலக்கையை, முழுப்பிடியாக.

நான் எழுப்பிய ஒலி எத்தகையது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கையை உதறினேன். அவள் நடைபாதையில் விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்தது. அழாமல் எழுந்து நின்று, என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாத்தா, யூ செட் டூ" என்றாள். இரண்டு என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்கிறாள்.

பேருந்து வந்தது. ஏறிப்போனவள் சன்னல் வழியே கையசைக்கவில்லை.

மாலையில் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, தாளிலிருந்த சிவப்பு இரண்டை அழித்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பால் எடுக்க வந்த சுமதி அதைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"ஆஸ்க் தாத்தா. ஹீ லைட்." தாத்தா பொய் சொன்னார் என்கிறாள்.

சுமதி பாலை மேசைமேல் வைத்தாள். "மாமா, எத்தனை?"

"எட்டு."

"எப்பலேருந்து?"

"ரண்டுன்னு சொன்ன அன்னைக்கே ஆறுதான்."

"ஏன் மாமா?" என்றாள்.

மறுநாள் அவள் சிகிச்சை நிலையத்துக்கும் மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தொலைபேசினாள். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்று இயந்திரம் அவளை நெடுநேரம் அலைக்கழித்தது. முடிவாகக் கிடைத்த விடை இது: நோயாளி தாமாகவே குணமாகிவிட்டதாகக் கூறியிருக்கிறார், கோப்பு மூடப்பட்டுவிட்டது. மறுபடி திறக்கவேண்டுமானால், முன்பு ஏன் அவ்வாறு கூறினார் என்பதை நோயாளியே கையொப்பமிட்டு எழுத்தில் தரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உணவு மேசையில் படிவத்தை விரித்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மாமா. என்ன எழுதட்டும்?"

"மறதின்னு எழுது."

"பொய்க்கு மேல பொய்யா?"

வாயால் சொல்ல வராததை எழுதுவது எனக்கு எளிது. ஒரு தாளை இழுத்து இடக்கையால் எழுதினேன். கோணலும் மாணலுமான எழுத்து. எனினும் சொற்களைப் பொறுக்கியே எழுதினேன். 'என் பொருட்டு என் மருமகள் திரையை மூடினாள். அது திறந்திருக்கவேண்டும் என்று விரும்பினேன்.'

சுமதி படித்தாள். மறுபடியும் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு சிரித்துவிட்டாள். "இதை இங்கிலீஷ்ல எழுதினா, மாமனாரைக் கொடுமை பண்றேன்னு அவன் என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவான் மாமா!" சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. "ஆமா, சோப்புத் தண்ணி யாரு போடச் சொன்னது உங்களை? அந்தப் பலகையில சும்மா தேய்ச்சிருந்தா இத்தனை பேச்சு வந்திருக்குமா?"

"சும்மா தேய்ச்சா மனசு கூசுது கண்ணு."

"இத்தனை வருஷம் நான் ஒரு நாளும் அந்தத் தரையை அப்படித் தேய்ச்சதில்ல" என்றாள்.

குடும்பத்தாருக்கு மனவருத்தம் நேராதிருக்க நோயாளி வலியைக் குறைத்துக் கூறினார் என்று கட்டத்தில் எழுதினாள். நான் இடக்கையால் கையொப்பமிட்டேன். மூன்று வாரங்களில் கடிதம் திரும்பி வந்தது: கையொப்பம் கோப்பில் உள்ளதோடு பொருந்தவில்லை. ஆகவே வலக்கையால் இட்டேன். என் பெயரின் ஐந்தாறு எழுத்துகளுக்குள் பேனா மூன்று முறை நழுவியது. மையில் விழுந்த பூச்சி தாளில் ஊர்ந்ததுபோல் இருந்தது. அதையே அனுப்பினோம். அவர்கள் அந்தக் கடிதத்தைப் படித்தார்களோ, கையொப்பத்தை மட்டும் பார்த்தார்களோ, நான் அறியேன். ஒரு மாதத்தில் கோப்பு திறந்தது.

7

கதவருகே மறுபடியும் என் தகப்பனாரை அழைத்தார்கள். லிண்டா என் நெற்றியை முதலில் பார்த்தாள். பிறகு எத்தனை என்று கேட்டாள். "எய்ட்" என்றேன். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பஞ்சிலிருந்து தொடங்கினாள்.

பயிற்சியின் முதல் சனிக்கிழமை, நான் தூரிகையைக் கொண்டுவருமுன்பே சுமதி திரையை ஓரம்வரை இழுத்துத் திறந்துவைத்தாள். நான் பலகையை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு வாளியை நிரப்பிக் கொடுத்தாள். அடுத்த வாரம் விமலா அந்தக் கதவண்டை வந்து நின்றபோது, "அந்தப் பக்கம் ஈரம்க்கா, பாத்து வாங்க" என்று மட்டும் சொன்னாள். பேச்சு ஓய்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஓயவில்லை. மாதக் கூட்டத்துக்கு எங்களுக்கு இப்போது எப்போதாவதுதான் அழைப்பு வருகிறது. சமையலறைப் பேச்சுக் கேட்கும் என் நாற்காலியும் அதோடு போயிற்று.

நண்பகலில் சுமதி அலுவலகத்திலிருந்து அழைப்பாள். "மாமா, எத்தனை?" நான் சொல்வேன். இரண்டு நிமிடங்களுக்கு மேல் அவளுக்கு நேரம் இருக்காது. ஒரு பகல் முழுவதிலும் மனிதக் குரலுக்கு நான் கொடுக்கும் மறுமொழி பெரும்பாலும் அந்த ஓர் எண்தான். அதனால் அதைப் பொய்யாகச் சொல்ல இனி மனம் வராது. ஏழு வந்தது, ஆறு வந்தது. சென்ற வாரம் ஐந்து.

இக்குறிப்பைத் தொடங்கிப் பதினொரு நாட்கள் ஆகின்றன. பாதையில் இருந்த பனி எப்போதோ உருகிவிட்டது. எண்களை எழுதிவந்தாலும், தான் நடைபாதையில் விழுந்த நாள்முதல் நித்யா தெருவில் என் இடப்புறமாகவே நடந்துவந்தாள். கையைத் தொடுவதில்லை, சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். நானும் கேட்டதில்லை. இன்று காலை தெருவைக் கடக்குமுன் நின்றாள். என்னைச் சுற்றிவந்து வலப்புறம் நின்றுகொண்டாள்.

"வாட் நம்பர்?"

"அஞ்சு."

சற்று யோசித்தாள். பிறகு இரண்டு விரல்களால் என் சுண்டுவிரலை மட்டும் பிடித்தாள். அப்படியே கடந்தோம். பேருந்தில் ஏறியவள் அமர்ந்த பிறகு கையசைத்தாள்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் விரல் எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சல் தோள்வரை ஏறிற்று. நண்பகலில் தொலைபேசி ஒலித்தபோதும் அடங்கவில்லை.

"மாமா, எத்தனை?"

"ஆறு."

"ஏன், நேத்து அஞ்சுன்னீங்களே? ரொம்ப நேரம் தேய்ச்சீங்களா?"

"இல்ல. நித்யா விரலைப் புடிச்சா."

"சாயங்காலம் அவ கேப்பா மாமா" என்றாள் சுமதி. "ஆறுன்னு தெரிஞ்சா பயந்துக்குவா. மறுபடியும் தொடவே மாட்டா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அஞ்சுன்னே சொல்லிடலாமா?"

அந்த அச்சம் எனக்கும் இருந்தது. காலையிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருந்ததும் அதுவேதான். குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்த தாளைப் பார்த்தேன். சிவப்பு இரண்டை அழித்த இடம் இன்னும் சற்று அழுக்காகவே இருக்கிறது.

"வேண்டாம் கண்ணு" என்றேன். "ஆறுன்னே எழுதட்டும். நாளைக்கு எந்த விரலைப் புடிக்கிறதுன்னு அவளே பாத்துக்கட்டும்."